காத்திருக்கும் மாதங்கள்: உங்கள் கோப்பை உங்கள் கையில் வைத்திருங்கள்

அத்தியாயம் 7

கனடாவில் இருக்கும் கணவரோ மனைவியோ ஸ்பொன்சர் செய்து, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்துவிட்டது. இனி யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ மட்டக்களப்பிலோ இருந்துகொண்டு விசாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறவர் நீங்கள். இந்த அத்தியாயம் உங்களுக்காக எழுதப்பட்டது.

பல குடும்பங்களில் இந்தக் காலம் ஒரே மாதிரித்தான் கழிகிறது. ரொறன்ரோவில் இருக்கும் துணையும் அவருடைய அண்ணனோ மாமாவோ சேர்ந்து அலுவல் பார்ப்பார்கள். ஊரில் இருப்பவர் நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவார், கேட்ட படத்தை அனுப்புவார். தன் கோப்பு இலக்கம் என்ன, தன் பெயரில் என்ன எழுதிப் போயிருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. ஆனால் நேர்முகத்துக்கு அழைத்தால் அதிகாரிக்கு முன்னால் தனியாக இருந்து பதில் சொல்லப்போகிறவர் அவர்தான்.

கனடியச் சட்டம் உங்களைத்தான் பிரதான விண்ணப்பதாரர் என்கிறது. உங்கள் துணை அந்த விண்ணப்பத்துக்குப் பொறுப்பு நிற்பவர். ஆகவே கோப்பு உங்களுடையது. அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்து வைத்திருப்பதும், காத்திருக்கும் மாதங்களில் அதைப் புதுப்பித்துக்கொண்டே போவதும் உங்கள் வேலை. இதை நீங்கள் கையில் எடுத்தால் காத்திருப்பின் பாரமும் பாதியாகும்.

1. இன்றே கேட்டு வாங்க வேண்டியவை

அனுப்பிய விண்ணப்பத்தின் முழுப் பிரதியையும் பி.டி.எஃப். ஆகத் தரச்சொல்லி உங்கள் துணையிடம் கேளுங்கள். அதில் கீழ்க்கண்டவை இருக்க வேண்டும்:

- ஐ.எம்.எம். 1344: உங்கள் துணை கையெழுத்திட்ட ஸ்பொன்சர் விண்ணப்பமும் பொறுப்பேற்பு உடன்படிக்கையும்
- ஐ.எம்.எம். 0008: உங்கள் பொது விண்ணப்பப் படிவம்
- ஐ.எம்.எம். 5669: கடந்த பத்து ஆண்டுகளில் நீங்கள் இருந்த முகவரிகள், செய்த வேலை; அவற்றோடு உங்கள் படிப்பு, நீங்கள் சேர்ந்திருந்த அமைப்புகள்
- ஐ.எம்.எம். 5406: பெற்றோர், சகோதரர், பிள்ளைகள் விபரம்
- ஐ.எம்.எம். 5532: நீங்கள் இருவரும் எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசினார்கள், கல்யாணம் எப்படி நடந்தது என்ற உறவு விபரம்

கடைசியாகச் சொன்ன 5532ஐ வரிக்கு வரி வாசியுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் நம்பிக்கையான ஒருவரை வைத்து வாசித்துக் கேளுங்கள். எழுத்து நடந்த திகதி, தாலி கட்டிய திகதி, பொருத்தம் பார்த்தவர் யார், கல்யாணத்துக்கு வந்தவர் எத்தனை பேர் என்று ஒவ்வொன்றையும் சரிபாருங்கள். பிழை இருந்தால் நேர்முகம் வரை விட்டுவைக்காமல், இப்போதே ஐ.ஆர்.சி.சி.யின் இணையப் படிவம் வழியாகத் திருத்தி அனுப்புங்கள். கனடிய குடிவரவு, அகதிகள், பிரஜாவுரிமைத் திணைக்களத்தைத்தான் ஐ.ஆர்.சி.சி. என்கிறோம். நீங்களாகவே திருத்திய பிழையும் அதிகாரி கண்டுபிடித்த பிழையும் ஒன்றாகப் பார்க்கப்படுவதில்லை.

பெயரின் எழுத்துக்கூட்டலையும் கவனியுங்கள். நம் ஊரில் அப்பாவின் பெயர் முதலில் வருவதால் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும், கடவுச்சீட்டில் வேறொரு விதமாகவும் பெயர் இருப்பது வழமை. அந்தப் பெயர்களெல்லாம் ஒருவரையே குறிக்கின்றன என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக்கடதாசி முடித்து, மொழிபெயர்ப்போடு வைத்திருங்கள்.

2. கோப்பு எந்தப் படியில் நிற்கிறது?

பி.ஆர். (நிரந்தர வதிவிட) போர்ட்டல் என்ற இணையத்தளம் வழியாகப் போன விண்ணப்பம் ஏறக்குறைய இந்த ஒழுங்கில் நகரும்:

1. தாள்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஒரு கையெழுத்துக் குறைந்தாலும் திருப்பி அனுப்பலாம்.
2. கிடைத்ததற்கான கடிதம் வரும். இதை ஏ.ஓ.ஆர். என்பார்கள். ‘எஃப்’ எழுத்தில் தொடங்கும் கோப்பு இலக்கமும் உங்களுக்கான யூ.சி.ஐ. இலக்கமும் இதன் பிறகே பயன்பாட்டுக்கு வரும்.
3. விரல் அடையாளத்துக்கும் மருத்துவப் பரிசோதனைக்கும் கடிதம் வரும்.
4. உங்கள் துணைக்கு ஸ்பொன்சர் செய்யும் தகுதி உண்டா என்று தீர்மானிப்பார்கள்.
5. உங்கள் தகுதி, உறவின் உண்மை, குற்றப் பின்னணி, பாதுகாப்புப் பின்னணி ஆகியவற்றைப் பார்ப்பார்கள். அதிக காலம் எடுப்பது இந்தப் படிதான். தேவைப்பட்டால் நேர்முகமும் இங்கேதான் வரும்.
6. கடவுச்சீட்டைக் கேட்டுக் கடிதம் வரும். அதற்குப் பிறகு விசாவும், நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்தும் பத்திரமும் கிடைக்கும்.

இந்தப் படிகள் எப்போதும் ஒன்றன்பின் ஒன்றாக நடப்பதில்லை. சில ஒரே நேரத்தில் நகரும். நான்காவது படி முடிந்ததும் “ஸ்பொன்சர் ஓகே ஆகிட்டுது, இனி ஒரு மாசம்தான்” என்று சொல்பவர்கள் உண்டு. அப்போது முடிந்திருப்பது உங்கள் துணையின் பக்கம் மட்டுமே. அதை நம்பி வேலையை விட்டுவிடாதீர்கள், வீட்டுச் சாமானையும் விற்றுவிடாதீர்கள்.

2016 டிசம்பரில் அப்போதைய குடிவரவு அமைச்சர் ஜோன் மக்கலம், கணவன் மனைவி விண்ணப்பங்களை 12 மாதத்துக்குள் முடிப்பதை இலக்காக அறிவித்தார். ஐ.ஆர்.சி.சி. தன் இணையத்தளத்தில் வெளியிடும் காலம் அதற்குப் பிறகு பல தடவை கூடியும் குறைந்தும் வந்திருக்கிறது. அங்கே காட்டும் காலம் பெரும்பாலான கோப்புகளுக்கான கணக்கு. உங்கள் கோப்புக்கென்று தந்த வாக்குறுதியாக அதை எடுக்க முடியாது. கியூபெக்கில் வாழும் ஸ்பொன்சருக்கு மாகாண அரசின் பொறுப்பேற்பு அனுமதியும் வேண்டும் என்பதால் அங்கே காலம் இன்னும் நீளும்.

2022 முதல் இணையத்தில் கோப்பின் நிலையைப் பார்க்கும் வசதி ஸ்பொன்சருக்கும் விண்ணப்பதாரருக்கும் தனித்தனியாக உண்டு. உங்களுக்கென்று ஒரு கணக்கைத் திறந்து, கடவுச்சொல்லை நீங்களே வைத்திருங்கள். வாரத்தில் ஒரு நாள் பார்த்தால் போதும். ஒவ்வொரு மணித்தியாலமும் திறந்து பார்ப்பதால் கோப்பு விரைவாக நகராது, உங்கள் மனம்தான் களைக்கும்.

3. திகதி தவறக்கூடாத கடிதங்கள்

விரல் அடையாளம் கொடுக்க வேண்டியது கொழும்பில் உள்ள வி.எஃப்.எஸ். விசா விண்ணப்ப நிலையத்தில். கடிதம் வந்தால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். மின்னஞ்சலில் வரும் கடிதம் சிலவேளை ஸ்பாம் பெட்டிக்குள் போய்விடும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கும் 30 நாள்தான். ஐ.ஆர்.சி.சி.யின் பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டுமே செய்யலாம். கடவுச்சீட்டையும் அறிவுறுத்தல் கடிதத்தையும் கொண்டுபோங்கள். நெஞ்சு எக்ஸ்ரே, இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். நீரிழிவு, சிறுநீரக வருத்தம், இருதய வருத்தம் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். வைத்தியச் செலவு கனடாவுக்குப் பாரமாகும் என்ற காரணத்தால் மறுக்கும் விதி, ஸ்பொன்சர் செய்யப்படும் கணவன் மனைவிக்கும் தங்கி வாழும் பிள்ளைகளுக்கும் பொருந்தாது. செயற்பாட்டில் இருக்கும் கயரோகம் கண்டால் முதலில் சிகிச்சையை முடிக்கச் சொல்வார்கள்; அதனால் காலம் தள்ளிப்போகும். பழைய மருந்துச் சிட்டைகளை மறைக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பரிசோதனை முடிவு 12 மாதத்துக்குச் செல்லும். அதற்குள் நீங்கள் கனடாவில் இறங்காவிட்டால் திரும்பச் செய்ய நேரலாம். கேட்காமல் ஓடிப்போய் முன்கூட்டியே செய்யாதீர்கள்.

பதினெட்டு வயதுக்குப் பிறகு, கடந்த பத்து ஆண்டுகளில், ஒரே தடவையில் ஆறு மாதமோ அதற்கு மேலோ இருந்த ஒவ்வொரு நாட்டிலிருந்தும் பொலிஸ் அறிக்கை தேவை. கட்டாரிலோ சவுதியிலோ வேலை செய்தவர்களும், தமிழ்நாட்டில் முகாமிலோ வெளிப்பதிவிலோ இருந்தவர்களும் இதைச் சேர்த்து எண்ண வேண்டும். இலங்கைக்கான அறிக்கையைக் கொழும்பிலுள்ள பொலிஸ் தலைமையகம் வழங்குகிறது. கோப்பு நீண்டால் புதியதொன்றைக் கேட்கக்கூடும். வெளிநாட்டு அறிக்கைகள் எடுப்பதற்குத்தான் நாள் போகும் என்பதால், அதற்கான வழியை இப்போதே விசாரித்து வையுங்கள்.

வதிவிடப் பத்திரத்தின் செல்லுபடிக் காலம் கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டாது. உங்கள் கடவுச்சீட்டு இரண்டு ஆண்டுக்குள் முடிவதாயிருந்தால் இப்போதே புதுப்பித்து, புதிய இலக்கத்தை ஐ.ஆர்.சி.சி.க்கு அறிவியுங்கள். பழைய கடவுச்சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள். பயண முத்திரைகள் அதில்தான் இருக்கின்றன.

4. கல்யாணம் உண்மையென்று காட்டுவது

குடிவரவு ஒழுங்குவிதிகளின் 4ஆம் பிரிவை அறிந்திருப்பது நல்லது. இரண்டு கேள்விகளை அது கேட்கிறது. கனடாவுக்குப் போவதையே முக்கிய நோக்கமாக வைத்து இந்தக் கல்யாணம் நடந்ததா? இந்த உறவு உண்மையானதா? 2010 முதல், இவற்றில் ஒன்றில் மட்டும் தவறினாலும் மறுக்கலாம். முதல் கேள்வி கல்யாணம் நடந்த நாளைப் பற்றியது. அந்த நாள் கடந்துவிட்டது, அதை இனி மாற்ற முடியாது. இரண்டாவது கேள்வி இன்றைய உங்கள் வாழ்க்கையைப் பற்றியது. அதற்கான பதிலை நீங்கள் இருவரும் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். காத்திருக்கும் காலம் வெறும் காலமல்ல என்று சொல்வதன் காரணம் இதுதான்.

*படங்கள்.* நூற்றுக்கணக்கில் அனுப்பத் தேவையில்லை. மண்டபத்தில் இருவரும் சிம்மாசனத்தில் இருக்கும் படத்தை எல்லோரும் அனுப்புகிறார்கள். அதிகாரிக்கு உதவுவது சடங்கின் ஒழுங்கும், அதில் நின்ற மனிதர்களும். பொன்னுருக்கலில் ஆசாரியோடு மாப்பிள்ளை வீட்டார் நிற்கும் படம், விவாகப் பதிவாளர் முன் கையெழுத்திடும் படம், கூறைச்சேலையோடு தாலி கட்டும் படம், நாலாம் சடங்கில் இரு வீட்டாரும் சேர்ந்திருந்து சாப்பிடும் படம் ஆகியவை ஒரு குடும்பமே கூடி நடத்திய கல்யாணம் என்பதைக் காட்டும். ஒவ்வொரு படத்தின் கீழும் திகதி, இடம், நிற்பவர்களின் பெயர், உறவு முறை ஆகியவற்றை எழுதுங்கள். “இடமிருந்து மூன்றாவது: மாப்பிள்ளையின் தாய்மாமன், மார்க்கமிலிருந்து வந்தவர்” என்ற ஒரு வரி பத்துப் படத்துக்குச் சமம்.

*வழமைக்கு மாறானவை.* எழுத்து முடிந்து பல மாதம் கழித்துத் தாலி கட்டியிருக்கலாம். மனைவி வயதில் மூத்தவராக இருக்கலாம். இரண்டாம் கல்யாணமாக, சமயம் மாறிய கல்யாணமாக, பெற்றோர் வராத கல்யாணமாக இருக்கலாம். இவை எதுவும் குற்றமல்ல. ஆனால் நம் ஊர் வழமையை அறிந்த அதிகாரி ஏன் என்று கேட்பார். அவர் கேட்கும் வரை இருக்காமல் ஒரு பக்கக் கடிதத்தில் காரணத்தை எழுதி அனுப்புங்கள். பேசிச் செய்த கல்யாணமென்றால் தரகர் யார், சாதகப் பொருத்தம் யார் பார்த்தது, முதலில் எந்த வீட்டார் பேசினார்கள், நீங்கள் இருவரும் எப்போது முதன்முதல் பேசினீர்கள் என்பதை நேராகச் சொல்லுங்கள்.

*தொலைபேசி.* வைபரிலோ வாட்ஸ்அப்பிலோ நாளாந்தம் பேசுகிறீர்கள். மாதத்துக்கு ஒரு தடவை அழைப்புப் பட்டியலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து, மாதத்தின் பெயரிட்ட கோப்புறையில் சேருங்கள். தொலைபேசி பழுதானாலோ இலக்கம் மாறினாலோ பழைய பட்டியல் போய்விடும். அந்தரங்க உரையாடல்கள் எதையும் அனுப்பத் தேவையில்லை. அம்மாவின் வருத்தம், மாமாவின் செத்தவீடு, வேலையில் நடந்த சண்டை, வாங்கப்போகும் கட்டில் என்று சாதாரணக் குடும்பக் கதை இருக்கும் சில பக்கங்களே போதும்.

*காசு.* இதில்தான் நம்மவர்களின் கோப்புகள் பலவீனப்படுகின்றன. துணை மாதாமாதம் காசு அனுப்புகிறார், ஆனால் உண்டியலில். ரொறன்ரோவில் ஒரு கடையில் டொலரைக் கொடுக்க, மறுநாள் உங்கள் வாசலில் ஒருவர் வந்து ரூபாயாகத் தந்துவிட்டுப் போகிறார். அதற்கு ஒரு துண்டுத் தாளும் இல்லை. இருபது மாதம் உங்களைப் பராமரித்த மனிதர், கோப்பில் ஒரு சதமும் அனுப்பாதவராக நிற்கிறார். இனிமேலாவது உங்கள் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். தொகை சிறிதாயிருக்கலாம், ஒழுங்காக வருவதே முக்கியம். வங்கிக் கூற்றை மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்து வையுங்கள். துணையின் ஆயுள் காப்புறுதியிலும் வேலையிட நலன்களிலும் உங்கள் பெயர் சேர்க்கப்பட்டிருந்தால் அந்தத் தாளையும் வாங்குங்கள்.

*பயணம்.* துணை வந்து உங்களோடு தங்கிய நாட்களே மிகப் பெரிய சான்று. பயணச்சீட்டு, கடவுச்சீட்டு முத்திரை, சேர்ந்து போன கோயில் திருவிழாப் படம் எல்லாவற்றையும் வையுங்கள். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு.

உங்கள் துணை பி.ஆர். மட்டும் உடையவராயிருந்தால், ஸ்பொன்சர் காலம் முழுவதும் அவருடைய வசிப்பிடம் கனடாவாக இருக்க வேண்டும். குறுகிய காலம் வந்துபோகலாம். மாதக்கணக்கில் இங்கே தங்கினால் கோப்பு ஆபத்தில் விழும். கனடியப் பிரஜையென்றால், நீங்கள் அங்கே இறங்கும்போது சேர்ந்து வாழத் திரும்புவார் என்று காட்டினால் போதும்.

உங்கள் துணை அகதியாக ஏற்கப்பட்டு அதன் வழியாக பி.ஆர். எடுத்து, இன்னும் பிரஜையாகாதவரென்றால், அவர் இலங்கைக் கடவுச்சீட்டை எடுக்கவோ இலங்கைக்கு வரவோ முன்னர் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் கட்டாயம் கேட்க வேண்டும். 2012 டிசம்பரில் வந்த சட்டமாற்றத்தின்படி, தப்பி வந்த நாட்டின் பாதுகாப்பை அவர் மீண்டும் தேடிக்கொண்டார் என்று தீர்மானித்தால், அகதி அந்தஸ்தோடு பி.ஆர். உரிமையும் போய்விடும். ஸ்பொன்சரின் பி.ஆர். போனால் உங்கள் விண்ணப்பமும் நிற்காது. “எங்களைப் பார்க்க ஒருக்கா வந்திட்டுப் போகச் சொல்லு” என்று வீட்டார் நெருக்கலாம். அவர்களுக்கு இதை விளக்கிச் சொல்லுங்கள். பல குடும்பங்கள் கல்யாணத்தையும் சந்திப்பையும் சென்னையிலோ திருச்சியிலோ வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

5. இடையில் வாழ்க்கை மாறினால்

முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், வேலை, கடவுச்சீட்டு ஆகியவற்றில் எது மாறினாலும் அறிவிக்க வேண்டும்.

பிள்ளை பிறந்தால் உடனே அறிவியுங்கள். துணை கனடாவில் பிரஜாவுரிமை எடுத்தவராயிருந்து, அதற்குப் பிறகு பிள்ளை பிறந்தால், பிள்ளை பொதுவாகப் பிறப்பிலேயே கனடியப் பிரஜை. அதற்குப் பிரஜாவுரிமைச் சான்றிதழ் எடுக்க வேண்டும். துணை பி.ஆர். ஆயின் பிள்ளையை உங்கள் விண்ணப்பத்தில் சேர்த்து, மருத்துவப் பரிசோதனையும் செய்ய வேண்டும்.

முதற் கல்யாணத்துப் பிள்ளையையோ, கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையையோ, வேறொருவர் வளர்க்கும் பிள்ளையையோ மறைக்காதீர்கள். விண்ணப்பத்தில் காட்டாமலும் பரிசோதிக்கப்படாமலும் விட்ட பிள்ளையைப் பிறகு குடும்ப வகுப்பில் ஸ்பொன்சர் செய்ய ஒழுங்குவிதி 117(9)(டி) தடை போடுகிறது. 2019இல் வந்த ஒரு தற்காலிகக் கொள்கை சிலருக்கு வழிவிட்டது. அதை நம்பி ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைப் பணயம் வைக்கக் கூடாது.

துணைக்கு வேலை போய்விட்டால் கலங்க வேண்டாம். கணவன் மனைவியை ஸ்பொன்சர் செய்யப் பொதுவாக வருமான எல்லை இல்லை. வேலையில்லாக் காப்புறுதிப் பணம் எடுப்பதும் தடையல்ல. ஆனால் ஒன்ராறியோ வேர்க்ஸ் போன்ற சமூக உதவிப் பணம் எடுத்தால் தகுதி போகும். உடல் இயலாமைக்காகப் பெறும் உதவிக்கு விலக்கு உண்டு.

6. போர்க்காலக் கடந்தகாலம்

வன்னியில் வளர்ந்தவர்களுக்கு இது மிகப் பாரமான பகுதி. ஐ.எம்.எம். 5669 அமைப்புகளில் இருந்ததைக் கேட்கிறது, படைப்பயிற்சியைக் கேட்கிறது, தடுத்து வைக்கப்பட்டதையும் கேட்கிறது. விடுதலைப் புலிகள் அமைப்பைக் கனடா 2006 ஏப்ரலில் தடைப்பட்டியலில் சேர்த்தது. குடிவரவுச் சட்டத்தின் 34ஆம் பிரிவில் ‘உறுப்பினர்’ என்பதை மிக விரிவாகவே பொருள்கொள்கிறார்கள். பிடித்துக்கொண்டு போய்ச் சேர்க்கப்பட்டவர்களும், சிறு வயதில் இருந்தவர்களும், 2009க்குப் பிறகு புனர்வாழ்வு முகாமில் இருந்தவர்களும் வெட்கத்தாலோ பயத்தாலோ அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள்.

அப்படி விடாதீர்கள். மறைத்தது பின்னர் தெரியவந்தால் தவறான தகவல் தந்தீர்கள் என்று ஐந்து ஆண்டுத் தடை வரும். உண்மையாகச் சொல்ல வேண்டியதையும் பிறகு யாரும் நம்பமாட்டார்கள். உங்கள் விருப்பத்துக்கு மாறாகச் சேர்க்கப்பட்டீர்கள் என்பதும், அப்போது உங்களுக்கு என்ன வயது என்பதும் சட்டத்தில் எடைபோடப்படும் விடயங்கள். அவற்றை எப்படி எழுதுவது என்று தெரிந்த சட்டத்தரணியை வைத்து எழுதுங்கள். இந்த ஒரு விடயத்துக்குச் செலவழிக்கும் காசை வீண் என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே வெறுமையாக விட்டு அனுப்பியிருந்தால், நேர்முகத்துக்கு முன் சட்டத்தரணியின் உதவியோடு திருத்துங்கள்.

7. நேர்முகத்துக்கு அழைத்தால்

நேர்முகம் எல்லோருக்கும் வருவதில்லை. வந்தால் மறுக்கப்போகிறார்கள் என்று பொருளில்லை. அதிகாரிக்கு ஏதோ ஒன்று தெளிவில்லை என்பதே பொருள். கேள்விகள் இப்படி இருக்கும்: இவரை ஏன் தெரிந்தெடுத்தீர்கள்? வேறு சாதகங்களும் வந்தனவா? துணை எத்தனை மணிக்கு வேலைக்குப் போகிறார்? வீட்டில் அவரோடு யார் இருக்கிறார்கள்? அவருடைய முதற் கல்யாணம் ஏன் முறிந்தது? கல்யாணத்துக்கு அவர் பக்கத்திலிருந்து யார் வந்தார்கள்? கல்யாணத்துக்குப் பிறகு எத்தனை நாள் சேர்ந்திருந்தீர்கள்? எங்கே?

பதில்களைப் பாடமாக்க வேண்டாம். பாடமாக்கிய பதில் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பதிலாகத் துணையோடு நாளாந்தம் உண்மையாகப் பேசுங்கள். வேலையில் மேலாளர் எப்படிப்பட்டவர், சம்பளத்தில் வாடகைக்கு எவ்வளவு போகிறது, கடன் எவ்வளவு என்றெல்லாம் கேளுங்கள். “அதெல்லாம் உனக்கேன்” என்று சொல்லும் துணைக்கு இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

தமிழில் பதில் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மொழிபெயர்ப்பாளர் சொன்னது விளங்காவிட்டால் திரும்பக் கேளுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். வெளியே வந்ததும் கேட்ட கேள்விகளையும் சொன்ன பதில்களையும் அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். மேன்முறையீடு செய்ய நேர்ந்தால் அது உதவும்.

அதிகாரி சந்தேகத்தைக் கடிதமாக அனுப்பி விளக்கம் கேட்பதும் உண்டு. அதற்குத் தரும் நாட்கள் குறைவு. அந்தக் கடிதம் வந்தால் ஒரு நாளும் தாமதியாமல் சட்டத்தரணியிடம் போக வேண்டும்.

8. காலம் தாண்டிப்போனால்

வெளியிடப்பட்ட காலத்தைக் கோப்பு தாண்டினால் முதலில் இணையப் படிவத்தில் விசாரியுங்கள். பதில் பொதுவானதாக இருந்தால், துணை வாழும் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் அலுவலகத்துக்கு அவர் நேரில் போகலாம். நீங்கள் சம்மதப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அலுவலக ஊழியர்கள் ஐ.ஆர்.சி.சி.யிடம் நேரடியாக விசாரிப்பார்கள். இதற்குக் கட்டணம் இல்லை. தகவல் பெறும் சட்டத்தின் கீழ் 5 டொலர் கட்டி, அதிகாரிகள் கோப்பில் எழுதிய குறிப்புகளைத் துணை உங்கள் சம்மதத்தோடு எடுக்கலாம். ஜி.சி.எம்.எஸ். குறிப்புகள் என்பது இவைதான். எந்தப் படியில் நிற்கிறது, எதைப் பற்றிச் சந்தேகம் என்பது அதில் தெரியவரும்.

காசு தந்தால் கோப்பை நகர்த்தித் தருவேன் என்பவரிடம் போகாதீர்கள். கனடிய சட்டத்தரணிகள் சங்கத்தவர், கியூபெக் நொத்தாரிசுகள், குடிவரவு ஆலோசகர் கல்லூரியில் பதிந்தவர்கள் ஆகியோர் மட்டுமே காசு வாங்கி உங்களைப் பிரதிநிதித்துவப்படுத்தலாம். தன் பெயரைப் படிவத்தில் போட மறுப்பவர் பிழை வந்தால் பொறுப்பேற்கப் போவதில்லை.

காத்திருக்கும்போது வருகை விசாவுக்கும் விண்ணப்பிக்கலாம். நிரந்தரமாக வர விரும்புபவர், தற்காலிகமாக வந்து சட்டப்படி திரும்பவும் தயாராக இருக்கலாம் என்பதைச் சட்டத்தின் 22(2) பிரிவு ஏற்கிறது. ஸ்பொன்சர் கோப்பு இருப்பதை மறைக்காமல் எழுதுங்கள். வருகை விசா மறுக்கப்பட்டாலும் அந்த ஒரு காரணத்தால் ஸ்பொன்சர் கோப்பு மறுக்கப்படாது.

9. மறுத்தால்

வெளிநாட்டிலிருந்து குடும்ப வகுப்பில் போட்ட விண்ணப்பத்துக்கு ஒரு பெரிய பாதுகாப்பு உண்டு. மறுப்புக் கடிதம் கிடைத்த 30 நாளுக்குள் ஸ்பொன்சர் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய சான்றுகளையும் முன்வைக்கலாம். மறுப்புக்குப் பிறகு வந்த பயணமும், அனுப்பிய காசும், பிறந்த பிள்ளையும் அங்கே பேசும். பாதுகாப்புக் காரணம் போன்ற சிலவற்றுக்கு இந்த உரிமை இல்லை என்பதால் கடிதத்தில் எழுதிய பிரிவு இலக்கத்தை முதலில் பாருங்கள். மறுப்பு வந்த அன்று இரு வீட்டாரும் ஒருவரையொருவர் குறைசொல்லத் தொடங்குவார்கள். அந்த 30 நாளைச் சண்டையில் கழித்துவிடாதீர்கள்.

10. உங்கள் நாட்கள்

“இன்னும் விசா வரேல்லையோ?” என்ற கேள்வி கோயிலிலும் கேட்கும், சந்தையிலும் கேட்கும். “நடந்துகொண்டிருக்கு” என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யாருக்கும் மாதக்கணக்குச் சொல்லத் தேவையில்லை.

படிப்பை இடையில் விடாதீர்கள், வேலையையும் விடாதீர்கள். பட்டச் சான்றிதழ், பல்கலைக்கழகப் பாடப்பெறுபேறுகள், வேலை அனுபவக் கடிதம் ஆகியவற்றை இங்கே இருக்கும்போதே எடுப்பது சுலபம். அங்கே போய்விட்டு எடுப்பது பெரும் அலைச்சல். தாதியர், ஆசிரியர், கணக்காளர் போன்றோர் தாங்கள் போகும் மாகாணத்தில் தம் தொழிலுக்கான பதிவு எப்படி என்று இப்போதே வாசிக்கத் தொடங்கலாம். ஆங்கிலத்துக்கு நாளுக்கு ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள்.

ரொறன்ரோவுக்கும் நமக்கும் கோடையில் ஒன்பதரை மணித்தியாலம், குளிர்காலத்தில் பத்தரை மணித்தியாலம் வித்தியாசம். உங்கள் காலை ஏழு மணி அவருக்கு முந்திய இரவு ஒன்பதரை அல்லது எட்டரை. இருவருக்கும் தோதான ஒரு நேரத்தை நிலையாக வையுங்கள். அந்த நேரத்தில் கோப்பைப் பற்றி மட்டுமே பேசுவதென்றால் உறவு வறண்டுபோகும். கோப்புக் கதைக்கு வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கி, மற்ற நாட்களில் வீட்டுக் கதை பேசுங்கள்.

சீதனக் காசு தராவிட்டால் ஸ்பொன்சரை மீளப்பெறுவேன் என்று யாராவது மிரட்டினால் அதைத் தனியாகச் சுமக்காதீர்கள். நீங்கள் நம்பும் ஒருவரிடம் சொல்லுங்கள், மிரட்டிய செய்தியை அழிக்காமல் வையுங்கள். போகும் முன்னரே இப்படிப் பேசுபவரோடு வாழப் போவதா என்று யோசிக்க உங்களுக்கு உரிமை உண்டு.

11. கடவுச்சீட்டைக் கேட்ட பிறகு

கொழும்பு வி.எஃப்.எஸ். வழியாகக் கடவுச்சீட்டைக் கொடுத்து, விசாவும் வதிவிடப் பத்திரமும் கிடைத்ததும் பெயர், பிறந்த திகதி, முடிவுத் திகதி மூன்றையும் சரிபாருங்கள். முடிவுத் திகதியை நீடிக்க முடியாது. பயணச்சீட்டை அந்தத் திகதிக்குச் சில வாரம் முன்னதாகவே போடுங்கள்.

தாலிக்கொடி, காப்பு, சங்கிலி போன்ற நகைகளுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். ஒவ்வொன்றின் நிறை, பெறுமதி, படம் அதில் இருக்கட்டும். பின்னர் கொண்டுவரப்போகும் பொருட்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். இறங்கும் அன்றைக்கு எல்லை அதிகாரியிடம் இரண்டையும் கொடுத்தால் பிறகு வரிப் பிரச்சினை வராது. 10,000 டொலரோ அதற்கு மேலோ பணமாகக் கொண்டுபோனால் அறிவிக்க வேண்டும்.

போகும் முன் கல்யாண நிலையில் மாற்றம் இருந்தாலோ பிள்ளை பிறந்திருந்தாலோ, இறங்குவதற்கு முன் சொல்ல வேண்டும்.

அதிகாரி பத்திரத்தை உறுதிப்படுத்தியதும் நீங்கள் கனடாவின் நிரந்தர வதிவாளர். துணையோடு இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையை 2017 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். உண்மையான கல்யாணத்தில் வந்தவரை “உன்னைத் திருப்பி அனுப்பிவிடுவேன்” என்று கணவரோ மனைவியோ மாமியாரோ சொன்னால், அந்த அதிகாரம் அவர்களுக்கு இல்லை. உங்கள் அடிப்படைச் செலவுகளுக்குத் துணை ஏற்ற பொறுப்பு மூன்று ஆண்டு வரை செல்லும். இடையில் பிரிந்தாலும் அந்தப் பொறுப்பு நீங்காது.

முதல் வாரத்தில் உங்கள் பெயரில் சமூகக் காப்புறுதி இலக்கம் எடுங்கள், சுகாதார அட்டைக்கு விண்ணப்பியுங்கள், உங்கள் பெயரில் ஒரு வங்கிக் கணக்கைத் திறவுங்கள், அரசின் இலவச ஆங்கில வகுப்புக்குப் பதியுங்கள். நிரந்தர வதிவிட அட்டை தபாலில் வரும். அட்டையையும் கடவுச்சீட்டையும் வதிவிடப் பத்திரத்தையும் வேறு யாரிடமும் கொடுத்து வைக்காமல் நீங்களே வைத்திருங்கள்.